ஆற்றங்கரைச் சைக்கிள்: தஞ்சை டெல்டாவின் மண்பாதைகளில்

தஞ்சாவூரிலிருந்து திருவையாறுக்குப் பன்னிரண்டு கிலோமீட்டர் போலத்தான். அதற்குள் சாலை ஐந்து ஆறுகளைத் தாண்டிவிடுகிறது: வடவாறு, வெண்ணாறு, வெட்டாறு, குடமுருட்டி, காவிரி. பஸ்ஸில் போகிறவருக்கு ஐந்து பாலங்கள், அவ்வளவே. சைக்கிளில் போகிறவர் கணக்கு வேறு. ஒவ்வொரு பாலத்தடியிலும் இரு கரைகளில், மேற்கே ஒன்று கிழக்கே ஒன்று என நான்கு பாதைகள் பிரிகின்றன. ஐந்து பாலத்துக்கு இருபது. சிலவற்றில் தார் போட்டாயிற்று. சில முள் மண்டிக் கிடக்கின்றன. மிச்சமுள்ளவை மண்ணும் சரளையுமாக, ஒரு பக்கம் தண்ணீர், மறுபக்கம் வயல், தலைக்கு மேல் புளியும் மூங்கிலும் என நீண்டுகொண்டே போகின்றன.

மண்பாதையில் ஓட்டுவதற்கென்றே செய்த சைக்கிளுக்கு 'கிராவல் பைக்' என்று பெயர். டெல்டாக்காரருக்கு அந்தச் சொல் பழையது. லாரியில் கொண்டுவந்து பாதையில் கொட்டிப் பரப்பும் செம்மண் சரளையை இங்கே கிராவல் என்றே சொல்கிறார்கள். அமெரிக்காவின் கான்சாஸ் மாநிலத்தில் 2006இல் தொடங்கிய நெடுந்தூரப் போட்டி ஒன்று இந்த வகை ஓட்டத்தைப் பிரபலமாக்கியது. 2022இல் இத்தாலியில் முதல் உலகச் சாம்பியன் போட்டியே நடந்தது. தஞ்சைக் கரைகளில் அந்த வேகம் தேவையில்லை. மணிக்குப் பத்துப் பன்னிரண்டு கிலோமீட்டர் போனால் நன்றாக ஓட்டியதாகத்தான் அர்த்தம்.

ஓட்டத் தொடங்குமுன் ஒன்றை மனதில் வாங்கிக்கொள்ள வேண்டும். பிரான்சில் 1681இல் திறக்கப்பட்ட மிதி கால்வாயின் 240 கிலோமீட்டர்க் கரையில் இன்று உலகமே சைக்கிள் ஓட்டுகிறது. அந்தக் கரைப்பாதை படகை இழுத்த குதிரைகளுக்காகப் போட்டது. சரக்குப் படகுப் போக்குவரத்து நின்றதும் பாதை உல்லாசப் பயணிகள் கைக்கு வந்தது. டெல்டாவின் கரைகள் இன்னும் வேலையில் இருக்கின்றன. தண்ணீர் வயலுக்குப் போய்ச் சேருகிறதா என்று பார்க்கும் பாதை இது. நீர்வளத் துறை ஜீப், மதகைத் திறக்கவும் அடைக்கவும் வரும் லஸ்கர், கதிர்க்கட்டு ஏற்றிய டிராக்டர், மேய்ச்சலுக்குப் போகும் மாடு இவர்களுக்குப் பிறகுதான் சைக்கிள்காரர். ஆகவே இங்கே வரைபடத்துக்கு முன்னால் பார்க்க வேண்டியது தண்ணீரையும் பயிரையும்.

முதலில் நாட்காட்டி

மேட்டூர் அணையை ஜூன் 12இல் திறந்து ஜனவரி 28இல் மூடுவது வழக்கம். அங்கே விட்ட தண்ணீர் கல்லணைக்கு வர மூன்று நான்கு நாளாகும். 2023இல் மேட்டூர் ஜூன் 12இல் திறந்தது, கல்லணை ஜூன் 16இல். வழக்கம் மாறுவதும் உண்டு. 2022இல் மே 24ஆம் தேதியே மேட்டூரைத் திறந்துவிட்டார்கள். 2024இல் ஜூலை 28 வரை காத்திருக்க வேண்டியிருந்தது. கிளம்பும் வாரத்தில் செய்தித்தாளின் அணை நீர்மட்டப் பெட்டியைப் பார்த்துவிடுங்கள்.

கல்லணையில் தண்ணீர் நான்காகப் பிரிகிறது: காவிரி, வெண்ணாறு, கொள்ளிடம், கல்லணைக் கால்வாய். கடைசியாகச் சொன்னது மேட்டூர்த் திட்டத்தோடு சேர்த்து வெட்டியது. தொண்ணூறு ஆண்டு ஆகியும் ஊர்மக்கள் வாயில் அது 'புது ஆறு'தான். தண்ணீர் குறைந்த ஆண்டுகளில் முறை வைத்து விடுவார்கள். சில நாள் காவிரிக்கு, சில நாள் வெண்ணாற்றுக்கு. நேற்று முழங்காலளவு ஓடிய வாய்க்கால் இன்று கரை தொட்டு ஓடுவது இதனால்தான்.

ஓட்டுவதற்கு நல்ல காலம் இரண்டு. ஜனவரிக் கடைசியிலிருந்து மார்ச் நடுவரை முதலாவது. சம்பா அறுவடை முடியும், கரை காய்ந்து இறுகும், காலையில் பனி இருக்கும். இரண்டாவது ஜூலை, ஆகஸ்டு. ஆற்றில் தண்ணீர் ஓடும், குறுவை பச்சை கட்டி நிற்கும், மழை அதிகமிராது. ஆனால் ஆடிக்காற்று மேற்கிலிருந்து வீசி அடிக்கும். அந்த மாதங்களில் காலையில் கல்லணைத் திசையில் எதிர்காற்றில் மிதித்துவிட்டு, களைத்த பிறகு காற்று முதுகைத் தள்ளத் திரும்புவது நல்லது. வாட்டமும் கிழக்கு நோக்கித்தான்.

அக்டோபர் நடுவிலிருந்து டிசம்பர் முடியக் கரைப்பாதை வேண்டாம். வடகிழக்குப் பருவமழையில் கரை ஊறிக் கிடக்கும். எங்கே உள்ளுக்குள் அரித்திருக்கிறது என்று மேலிருந்து பார்த்தால் தெரியாது. ஏப்ரல், மே மாதங்களில் ஓட்டியே ஆக வேண்டுமென்றால் ஐந்தரைக்குக் கிளம்பி எட்டரைக்கு வீடு வந்துவிட வேண்டும்.

எந்த வண்டி

புதிதாக வாங்குகிறவர் பார்க்க வேண்டியவை இரண்டே: 38 முதல் 45 மில்லிமீட்டர் வரை அகலமுள்ள டயர், டயருக்கும் ஃபோர்க்குக்கும் நடுவே ஒரு விரல் நுழையும் இடைவெளி. இடைவெளி எதற்கு என்பது டெல்டாக் களிமண்ணில் ஒருமுறை மாட்டினால் புரியும். ஈரக் களி டயரோடு சுற்றி வந்து பிரேக்கருகே அடைத்துக்கொள்ளும். பத்தடி போவதற்குள் சக்கரம் சுற்றாது. இந்த மண்ணில் மட்கார்டு மாட்டாத வண்டிதான் தப்பும்.

கிராவல் பைக்தான் வேண்டும் என்பதில்லை. வீட்டிலிருக்கும் ஹைப்ரிட் வண்டியோ, கியர் வைத்த மவுன்டன் பைக்கோ போதும். பழைய கறுப்பு ரோட்ஸ்டர் வண்டியில் இந்தக் கரைகளில் இரண்டு மூட்டை நெல் ஏற்றிப் போனவர்கள் இருந்தார்கள். பக்கத்துப் புதுக்கோட்டையில் 1990களின் தொடக்கத்தில் அறிவொளி இயக்கம் ஆயிரக்கணக்கான கிராமத்துப் பெண்களுக்குச் சைக்கிள் கற்றுக்கொடுத்தது சாதாரண வண்டிகளில்தான். அவர்கள் ஓட்டியதும் மண்பாதையில்தான்.

காற்றைக் குறைத்து அடிக்க வேண்டும். தார்ச்சாலைக்கு அடிப்பது போலக் கல்லாக அடித்தால் சரளையில் வண்டி துள்ளும். 40 மில்லிமீட்டர் டயருக்கு, அறுபது எழுபது கிலோ எடையுள்ளவர் 35 முதல் 40 பி.எஸ்.ஐ. வைத்துத் தொடங்கலாம். கட்டைவிரலால் அழுத்தினால் கொஞ்சம் அமுங்க வேண்டும்.

குறிப்பு: வெளிநாட்டு மாதிரி வண்டிகளில் வால்வு மெல்லியதாக இருக்கும். கிராமத்துச் சைக்கிள் கடைப் பம்பும் பெட்ரோல் பங்க் குழாயும் அதற்குப் பொருந்தாது. இருபது முப்பது ரூபாய்க்குக் கிடைக்கும் பித்தளை அடாப்டர் ஒன்றைப் பையில் போட்டுக்கொண்டால் எந்தக் கடையிலும் காற்றடிக்கலாம்.

கரையைப் படிப்பது

பாலத்திலிருந்து கரைக்கு இறங்கும் இடத்தில் இரண்டு நிமிடம் செலவிட்டால் இரண்டு மணி நேர அவதி மிச்சம். வரிசை இது:

1. வண்டியை நிறுத்தி இறங்குங்கள். பாதையில் புதிய டயர்த் தடம் இருக்கிறதா பாருங்கள். பைக் தடம் இருந்தால் வழி விடும். மாட்டுக் குளம்பு மட்டும் இருந்தால் கொஞ்ச தூரத்தில் பாதை வயலுக்குள் இறங்கிவிடலாம்.

2. குதிகாலால் மண்ணை ஓங்கி அழுத்துங்கள். பொடி பறந்தால் போகலாம். தடம் மட்டும் பதிந்தால் மெதுவாகப் போகலாம். அழுத்திய இடத்தில் ஈரம் மினுங்கினால் அன்றைக்கு அந்தக் கரை வேண்டாம்.

3. தண்ணீர் எவ்வளவு ஓடுகிறது, எந்த நிறத்தில் ஓடுகிறது என்று கவனியுங்கள். செங்கலங்கலாகவும் நுரையோடும் வந்தால் அப்போதுதான் திறந்துவிட்டிருக்கிறார்கள் என்று பொருள். நீர்மட்டம் இன்னும் ஏறும்.

4. எதிரில் வருகிறவரைக் கேளுங்கள். இது மற்ற மூன்றையும்விட முக்கியம்.

கேட்கும் விதமும் இருக்கிறது. "இந்த வழி எங்கே போகும்?" என்றால் "நேரா போகும்" என்றுதான் பதில் வரும். போய்ச் சேர வேண்டிய இடத்தைச் சொல்லிக் கேட்க வேண்டும்.

"அண்ணே, கரை வழியாவே தலைப்பு வரைக்கும் போயிரலாமா?"

"போலாம் தம்பி. ரெண்டாவது மதகு தாண்டி கரை ஒடிஞ்சு கெடக்கு, எறங்கித் தள்ளிக்கிட்டுப் போங்க. அதுக்கு அங்கிட்டு நல்லாருக்கும்."

இப்படி ஒரு பதிலை எந்தக் கைபேசி வரைபடமும் தராது. 'தலைப்பு' என்றால் ஆறு பிரியும் இடம், ஷட்டர் உள்ள இடம். 'மதகு' என்றால் ஆற்றிலிருந்து வாய்க்காலுக்குத் தண்ணீர் விடும் சிறு கதவு. 'படுகை' என்றால் ஆற்றுக்கும் கரைக்கும் இடைப்பட்ட தாழ்ந்த நிலம். இந்த மூன்றும் தெரிந்தால் பாதி வழி தெரிந்த மாதிரி.

முதல் ஓட்டம்

முதல் நாளே கல்லணை வரை போகத் திட்டமிடாதீர்கள். திருவையாறு சாலையின் பாலங்களையே பள்ளிக்கூடமாக வைத்துக்கொள்ளலாம்.

1. காலை ஐந்தே முக்காலுக்குத் தஞ்சாவூரிலிருந்து கிளம்புங்கள். கரந்தையில் வடவாற்றைத் தாண்டினால் பள்ளியக்கிரகாரத்தில் வெண்ணாறு வரும்.

2. வெண்ணாற்றுப் பாலத்தில் ஒரு கரையில் இறங்கி மேற்கே மூன்று கிலோமீட்டர் மட்டும் போங்கள். கியரைக் குறைத்து, உட்கார்ந்தபடியே சீராக மிதியுங்கள். நின்று மிதித்தால் சரளையில் பின்சக்கரம் வழுக்கும்.

3. கைப்பிடியை இறுக்கிப் பிடிக்காதீர்கள். முழங்கை தளர்ந்து இருக்கட்டும். முன்சக்கரம் அங்குமிங்கும் ஆடும். ஆடிவிட்டுத் தானே நேராகும்.

4. பார்வை பத்தடி முன்னால் இருக்கட்டும். டயருக்குக் கீழே குழியைப் பார்த்துக்கொண்டிருந்தால் குழியில்தான் விழும்.

5. வந்த வழியே திரும்பிப் பாலத்துக்கு வாருங்கள். அம்மன்பேட்டையில் வெட்டாறு, கண்டியூரில் குடமுருட்டி என்று ஒவ்வொரு பாலத்திலும் இதையே செய்யுங்கள். ஒரே காலையில் மூன்று ஆற்று மண்ணின் குணம் கைக்கும் காலுக்கும் தெரிந்துவிடும்.

6. எட்டு மணிக்குத் திருவையாறு. புஷ்யமண்டபப் படித்துறையில் கால் நனைத்துவிட்டு, கடைத்தெருவில் சூடான அசோகா வாங்கிச் சாப்பிடலாம். பாசிப்பருப்பும் நெய்யும் மிதித்த காலுக்கு நல்லது. திரும்புவது தார்ச்சாலையிலேயே இருக்கட்டும்.

இப்படி நான்கைந்து காலைகள் போன பிறகு நீண்ட கரைக்குப் போகலாம். தென்பெரம்பூரில் வெண்ணாற்றிலிருந்து வெட்டாறு பிரியும் தலைப்பு நல்ல இலக்கு. இன்னும் தூரம் போகிறவருக்கு நீடாமங்கலம் அருகே வெண்ணாறு, கோரையாறு, பாமணியாறு என மூன்றாகப் பிரியும் மூணாறு தலைப்பு இருக்கிறது. பாசனத்துக்குத் தண்ணீர் நிறைய விடும் நாட்களில் பாலத்தின் மேல் நின்றால் காலடியில் தரை அதிர்வது தெரியும்.

நெருஞ்சியும் பஞ்சரும்

டெல்டாக் கரையில் டயருக்கு இரண்டு எதிரிகள். சீமைக் கருவேல முள் நீளமானது. குத்தியதும் தெரியும், பிடுங்கிவிடலாம். நெருஞ்சி அப்படியில்லை. மஞ்சள் பூவோடு தரையோடு தரையாகப் படர்ந்து கிடக்கும். காய்ந்த நெருஞ்சிக் காய் எப்படி விழுந்தாலும் ஒரு முள் மேலே பார்க்கும். ஒரே உருட்டில் ஐந்தாறு காய்கள் டயரில் பதியும். காற்று உடனே இறங்காது, அரை கிலோமீட்டர் போன பிறகு பின்பக்கம் தளதளவென்று ஆடத் தொடங்கும். மார்ச்சுக்குப் பிறகு இது மிகுதி. சீலன்ட் ஊற்றிய டியூப்லெஸ் டயர் இருந்தால் பெரும்பாலும் தானே அடைத்துக்கொள்ளும். டியூப் போட்டவர்கள் இப்படிச் செய்ய வேண்டும்:

1. நிழலான, முள் இல்லாத இடத்துக்கு வண்டியைத் தள்ளிச் செல்லுங்கள். வண்டியைக் கவிழ்க்குமுன் கீழே துண்டை விரியுங்கள்.

2. சக்கரத்தைக் கழற்றி, டயரின் ஒரு பக்கத்தை மட்டும் லீவரால் எடுத்து டியூபை உருவுங்கள். ஸ்க்ரூ டிரைவரால் எடுத்தால் இன்னொரு ஓட்டை உறுதி.

3. டியூபில் கொஞ்சம் காற்றடித்துக் கன்னத்தருகே வைத்துச் சுற்றுங்கள். காற்று படும் இடம் தெரியும். தெரியாவிட்டால் பக்கத்து வாய்க்கால் தண்ணீரில் அமிழ்த்துங்கள்.

4. ஒரு ஓட்டை கண்டதும் நிறுத்திவிடாதீர்கள். நெருஞ்சி என்றால் குறைந்தது மூன்று இருக்கும்.

5. டயரின் உட்புறத்தைத் துணி கொண்டு ஒரு சுற்றுத் துடையுங்கள். முள் நுனி இருக்கும் இடத்தில் துணி மாட்டும். எல்லா நுனிகளையும் எடுத்த பிறகே டியூபை உள்ளே வையுங்கள். பஞ்சர் ஒட்டி ஐந்தாவது நிமிடம் மறுபடி காற்று இறங்குவது இந்த ஒரு படியை விட்டதால்தான்.

6. டியூபைத் தேய்த்து, சொல்யூஷன் தடவி, அது காயும் வரை பொறுத்திருந்து பேட்ச் ஒட்டுங்கள். ஈரத்தில் ஒட்டினால் பிடிக்காது. அவசரமென்றால் மாற்று டியூபைப் போட்டுக்கொண்டு கிழிந்ததை வீட்டில் ஒட்டலாம்.

பலரும் செய்யும் தவறுகள்

வயல் வரப்பில் ஏறுவதுதான் எல்லாவற்றிலும் மோசம். படத்தில் அழகாக இருக்கிறது என்று இரு பக்கமும் பச்சைக்கு நடுவே வரப்பில் வண்டியை விடுகிறார்கள். மண்வெட்டியால் வெட்டி அணைத்த வரப்பு அது. உள்ளே நண்டு வளையும் எலி வளையும் இருக்கும். டயர் ஏறினால் உடையும், கட்டிய தண்ணீர் பக்கத்து வயலுக்கு ஓடிவிடும். முறைத் தண்ணீருக்குப் பத்து நாள் காத்திருந்தவர் வயலாக அது இருக்கலாம். கரையில் ஓட்டலாம், வரப்பில் நடக்கக்கூட ஒரு வார்த்தை கேட்டுக்கொள்ள வேண்டும்.

அடுத்தது, சாலையில் காயும் நெல்லின் மேல் ஓட்டுவது. கொள்முதல் நிலையத்தில் ஈரப்பதம் அதிகம் என்று திருப்பிவிட்ட நெல்லாக இருக்கும். இறங்கி, ஓரமாகத் தள்ளிக்கொண்டு போங்கள். வைக்கோல் பரப்பியிருந்தாலும் அப்படியே. அது செயினிலும் பின் கியரிலும் சுற்றிக்கொண்டால் பிரித்தெடுக்க அரை மணி நேரம்.

வாய்க்காலின் குறுக்கே தென்னை மரத்தையோ பனை மரத்தையோ போட்ட பாலங்களில் ஓட்டிக் கடக்கப் பார்க்கிறார்கள். மரம் உருண்டையானது, பாசி பிடித்தது. வண்டியைத் தோளில் தூக்கிக்கொண்டு நடந்தே கடக்க வேண்டும்.

அறுவடை இயந்திரம் எதிரே வந்தால் முந்தவோ ஓரமாக நுழையவோ முயலாதீர்கள். கரையின் முழு அகலத்தையும் அது எடுத்துக்கொள்ளும். ஓட்டுநர் கண்ணுக்கு நீங்கள் தெரிய மாட்டீர்கள். வயல் பக்கம் இறங்கி நின்றுவிடுங்கள். பெல்ட் வைத்த இயந்திரம் போன தடத்தில் மண் பாளம் பாளமாகப் பெயர்ந்திருக்கும், அதில் கொஞ்ச தூரம் தள்ளித்தான் ஆக வேண்டும்.

தண்ணீர் பாட்டில் ஒன்று போதும் என்று நினைப்பதும் தவறுதான். இரண்டு லிட்டராவது வேண்டும், கூடவே உப்புச் சர்க்கரைக் கரைசல் பொட்டலம் ஒன்று. கரையில் பல கிலோமீட்டருக்குக் கடை இருக்காது. ஆற்றுத் தண்ணீரைக் குடிக்க வேண்டாம்.

உயிருக்கு ஆபத்தானவை

*கான்கிரீட் சரிவு.* கல்லணைக் கால்வாயைச் சீரமைக்கும் பெரிய திட்டத்துக்கு 2021இல் அடிக்கல் நாட்டினார்கள். அதன் பிறகு பல இடங்களில் மண் கரையின் உட்சரிவு கான்கிரீட்டாகிவிட்டது. பார்க்கச் சுத்தமாக இருக்கும். தண்ணீர் ஓடும் காலத்தில் அதில் பாசி படியும். உள்ளே விழுந்தவர் பிடித்து ஏற ஒரு வேரோ நாணலோ கிடையாது. அந்தப் பகுதியில் விளிம்பிலிருந்து குறைந்தது ஆறடி தள்ளி ஓட்டுங்கள், கை கழுவக்கூட இறங்காதீர்கள். தவறி விழுந்தால் சரிவில் ஏறப் போராடிக் களைக்காமல், மல்லாந்து மிதந்தபடி கால் முன்னே போகுமாறு நீரோடு போய், படிக்கட்டோ பாலத் தூணோ வரும் இடத்தில் ஒதுங்க வேண்டும். கரையில் இருப்பவர் குதிக்கக் கூடாது. துண்டு, வேட்டி, கயிறு எதையாவது வீசி, ஆட்களைக் கூப்பிட வேண்டும்.

*ஷட்டர் பகுதி.* தலைப்புகளில் மதகின் கீழ்ப்பக்கம் தண்ணீர் அமைதியாகத் தெரியும் இடத்தில்தான் சுழல் இருக்கும். குளிக்க இறங்காதீர்கள். 2018 ஆகஸ்டில் முக்கொம்பில் கொள்ளிடத்தின் மதகுகளே வெள்ளத்தில் அடித்துச் செல்லப்பட்டன. வெள்ளக் காலத்தில் எந்தத் தலைப்பின் மேலும் நின்று வேடிக்கை பார்க்க வேண்டாம். கொள்ளிடத்தில் அணைக்கரைப் பக்கம் முதலைகளும் உண்டு.

*இடி.* செப்டம்பர், அக்டோபர் மாலைகளில் வெட்ட வெளி வயலில் உயரமாக நிற்பது கரையும் அதன் மேலுள்ள மனிதனும்தான். முதல் இடிச் சத்தம் கேட்டதுமே கரையிலிருந்து இறங்கி ஒரு கட்டடத்துக்குள் போய்விடுங்கள். ஒற்றை மரத்தடியும் மோட்டார் கொட்டகைச் சுவரோரமும் ஆகாது. இரண்டு மணிக்கு மேல் கிளம்பாமல் இருப்பது இதற்கு எளிய வழி.

*மின்கம்பி.* காற்று மழைக்கு மறுநாள் காலை கம்பி அறுந்து புல்லில் கிடக்கலாம். தூரத்திலேயே திரும்பி, கண்ணில் படுகிறவரிடம் சொல்லி மின்வாரியத்துக்குத் தகவல் போகச் செய்யுங்கள். பன்றிக்காக வயலைச் சுற்றி மெல்லிய கம்பி கட்டியிருந்தாலும் தொடாதீர்கள்.

*பாம்பு.* நெல் இருக்கும் இடத்தில் எலி இருக்கும், எலி இருக்கும் இடத்தில் கண்ணாடி விரியன் இருக்கும். அறுவடைக்குப் பிறகு வைக்கோல் போரை ஒட்டி உட்காராதீர்கள். பஞ்சர் பார்க்க உட்காருமுன் புல்லைக் குச்சியால் தட்டுங்கள். கணுக்கால் மூடும் ஷூ போடுங்கள். கடித்துவிட்டால் கட்டுப் போடுவது, கீறுவது, உறிஞ்சுவது எதுவும் செய்யாமல், கடிபட்ட காலை அசைக்காமல் 108ஐ அழையுங்கள். கரைக்கு வண்டி வர முடியாவிட்டால் யாராவது இருவர் பைக்கில், நடுவே கடிபட்டவரை உட்காரவைத்து, அரசு மருத்துவமனைக்குக் கொண்டுபோக வேண்டும். விஷமுறிவு மருந்து அங்கேதான் நிச்சயம். மந்திரிப்பவரிடம் போகும் அரை மணி நேரம் உயிரை எடுத்துவிடும்.

*நாய்.* அறுவடை முடிந்த வயல்களில் ராமநாதபுரத்துக் கீதாரிகள் ஆட்டுக் கிடை போடுவார்கள். கிடைக்குக் காவல் இருக்கும் நாய் தன் வேலையைத்தான் செய்கிறது. வேகமெடுத்தால் துரத்தும். இறங்கி, சைக்கிளை உங்களுக்கும் நாய்க்கும் நடுவே வைத்துக்கொண்டு மெதுவாக நடங்கள். "அண்ணே, நாயைக் கூப்புடுங்க" என்று ஒரு குரல் கொடுத்தால் போதும்.

கரையில் இருப்பவர்கள்

டெல்டா ஊர்களுக்கு ஆற்றங்கரைதான் குளிக்கும் இடம், துணி துவைக்கும் இடம், பல ஊர்களில் மயானமும் அங்கேதான். பெண்கள் குளிக்கும் படித்துறை வந்தால் தூரத்திலேயே பெல் அடித்து, பார்வையைப் பாதையில் வைத்துக் கடந்துவிடுங்கள். தலையில் மாட்டிய கேமராவை அணைத்துவிடுங்கள். கருமாதிச் சடங்கு நடந்தால் இறங்கி, ஹெல்மெட்டைக் கழற்றிக்கொண்டு தள்ளிச் செல்லுங்கள். ஆடிப்பெருக்கன்று காவிரிக் கரையில் சைக்கிளுக்கு இடமில்லை. அன்றைக்கு வண்டியை வீட்டில் விட்டுவிட்டு மஞ்சளும் காதோலையுமாகப் போகிறவர்களோடு நடந்து போங்கள்.

பறவைக்கும் மானுக்கும் நடுவே

தஞ்சாவூர் மன்னார்குடி சாலையில் இருபத்தைந்து கிலோமீட்டரில் வடுவூர் ஏரி. 1999இல் பறவைகள் சரணாலயமானது, 2022இல் ராம்சார் பட்டியலில் சேர்ந்தது. பாசன ஏரிதான், மேட்டூர்த் தண்ணீர்தான் இதற்கும் வருகிறது. நவம்பரிலிருந்து பிப்ரவரி வரை நத்தைகுத்தி நாரையும் அரிவாள் மூக்கனும் நீர்க்காகமும் நிறைந்திருக்கும். ஏரிக்கரையில் ஓட்டுவதற்கு முன் வனத்துறை ஆளிடம் அனுமதி கேளுங்கள். அனுமதித்தாலும் பறவைக் கூட்டம் உட்கார்ந்திருக்கும் பக்கம் இறங்கித் தள்ளுங்கள். பளிச்சென்ற மஞ்சள், ஆரஞ்சுச் சட்டை சாலைக்கு நல்லது, இங்கே ஆகாது. பையில் ஒரு மங்கிய பச்சைச் சட்டை இருக்கட்டும்.

இன்னும் பெரிய ஓட்டத்துக்குக் கோடியக்கரை. 1930 ஏப்ரலில் ராஜாஜி தலைமையில் திருச்சியிலிருந்து புறப்பட்ட உப்பு சத்தியாகிரகிகள் டெல்டாவைக் குறுக்காக நடந்து பதினைந்து நாளில் வேதாரண்யம் சேர்ந்தார்கள். அதே ஊரை இலக்காக வைத்து மூன்று நாளில் சைக்கிளில் போகலாம். திருத்துறைப்பூண்டி தாண்டிப் போகப் போக வயல் குறைந்து உப்பளம் தொடங்கும், மண்ணின் நிறமே மாறும். வேதாரண்யத்திலிருந்து சுமார் பத்துக் கிலோமீட்டரில் கோடியக்கரைச் சரணாலயம். 1967 முதல் வெளிமான்களுக்காகப் பாதுகாக்கப்படும் காடு இது. உள்ளே போக வனத்துறை அலுவலகத்தில் கட்டணம் செலுத்தி அனுமதி பெற வேண்டும். சைக்கிளை உள்ளே எடுத்துச் செல்லலாமா என்பதையும் அங்கேயே கேளுங்கள். அனுமதித்தால் வண்டிப்பாதையை விட்டு விலகக் கூடாது. உலர்ந்த சதுப்பு வெள்ளை மைதானம் போலத் தெரியும். மேல்தோல் உடைந்தால் கீழே முழங்கால் ஆழச் சேறு. மான் கூட்டம் நிமிர்ந்து பார்த்தால் ஒரு காலை ஊன்றி அசையாமல் நின்றுவிடுங்கள். அவை திரும்ப மேயத் தொடங்கிய பிறகு நகரலாம். குட்டிகள் தெரிந்தால் வந்த வழியே திரும்புங்கள்.

உப்பளப் பக்கம் போய்வந்த வண்டியை ஒரு இரவுகூட அப்படியே விடக் கூடாது. தங்கும் இடத்திலேயே ஒரு வாளி நல்ல தண்ணீர் கேட்டு வாங்கி, செயின், ஸ்போக்ஸ் முனை, பிரேக், வால்வு எல்லாவற்றிலும் மெதுவாக ஊற்றிக் கழுவுங்கள். வேகமாகப் பீய்ச்சினால் உப்பு பேரிங்குக்குள் போய்விடும். பழைய துணியால் துடைத்து, அரை மணி நேரம் காயவிட்டு, செயினின் ஒவ்வொரு கண்ணிக்கும் ஒரு சொட்டு எண்ணெய் விட்டு, பெடலைப் பின்னால் இருபது சுற்றுச் சுற்றி, மேலே நிற்கும் எண்ணெயைத் துடைத்துவிடுங்கள். விடிந்ததும் காற்றை ஒருமுறை அழுத்திப் பார்த்துவிட்டுக் கிளம்பலாம்.